நாய் மலம் தின்கிறது, அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?

முற்றத்துவெயில்

வணக்கம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு எங்கே கேட்பது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். கரியன், 3 வயது ஜெர்மன் ஷெப்பர்ட். ரோமி, இரண்டரை வயதுப் பெண் நாய், கலப்பினம். 4 மாதக் குட்டியாக எங்களிடம் வந்தாள். ரோமி மலம் தின்கிறாள். எப்போதாவது இல்லை, தினமும். கரியன் குந்தும்போதே பின்னால் போய் நின்றுகொள்கிறாள். நான் கத்திக்கொண்டு ஓடினால் இன்னும் அவசரமாக விழுங்குகிறாள். அப்புறம் நேராக வந்து என் மடியில் தலை வைக்கிறாள்.

சாப்பாட்டில் கலக்கும் பொடி ஒன்று வாங்கி ஒரு மாதம் போட்டேன். அன்னாசிப் பழம் கலந்தால் மலம் பிடிக்காமல் போய்விடும் என்றார்கள், அதையும் செய்தேன். மலத்தின் மேல் மிளகாய்த்தூள் கூடத் தூவிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் என் கணவர் ஆத்திரத்தில் அவளை அடித்துவிட்டார். அன்று இருட்டும்வரை கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் மறுபடி அதே வேலை.

குழந்தைகள் முகத்தை நக்குகிறாளே, வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் மாமியார். அவர் பயத்தில் தப்பு சொல்ல முடியவில்லை. எனக்கோ அவளைக் கொடுக்க மனசு வரவில்லை. இதை நிறுத்த முடியுமா, முடியாதா? உண்மையைச் சொல்லுங்கள்.

கொடிமல்லி

கூச்சமே வேண்டாம் அக்கா. நாய் வளர்ப்பவர்களில் பலர் வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம் இது. எங்கள் வீட்டு நாயும் குட்டியாக இருந்தபோது செய்தது. ஒரு வயதுக்கு முன்பே தானாக விட்டுவிட்டது.

புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? வேறு ஏதாவது மருந்து ஓடுகிறதா? ரோமியின் எடை குறைகிறதா?

வேப்பநிழல்

முப்பது வருடமாக வீட்டில் நாய் இல்லாத நாள் கிடையாது எனக்கு. அதில் மூன்று நாய்கள் இதைச் செய்தன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தாய் நாயைக் கவனித்திருப்பீர்கள். பிறந்த குட்டிகளுக்குத் தானாக மலம் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிக் கொடுத்தால்தான் வரும். வந்ததைத் தாயே தின்றுவிடும். ஏறக்குறைய முதல் மூன்று வாரம் இப்படித்தான் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. நமக்குக் குமட்டும் ஒரு காரியம் நாய்க்குப் பிறந்த வீட்டிலிருந்தே பழக்கமானது. அதைத் தப்பு என்று அதற்குப் புரியவைப்பது ரொம்பக் கஷ்டம்.

2018-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவும் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுமார் 3,000 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்தது. நூற்றுக்கு 16 நாய்கள் இதை அடிக்கடி செய்கின்றன. சாப்பாட்டுத் தட்டில் பாய்ந்து விழும் பேராசைக்கார நாய்களிடம் இது அதிகம். ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் உள்ள வீடுகளிலும் அதிகம். என்ன உணவு கொடுக்கிறோம் என்பதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. வயதோடும் தொடர்பு தெரியவில்லை.

இன்னொரு விஷயத்தை முக்கியமாகக் கவனியுங்கள். பெரும்பாலான நாய்கள் தின்றது இரண்டு நாளுக்கு உட்பட்ட புது மலத்தை. ஹார்ட் இதற்குச் சொல்லும் விளக்கம் ஓநாய்களிடமிருந்து வருகிறது. மலத்தோடு வெளியேறும் குடற்புழு முட்டைகள் உடனே தொற்றாது. பொரிந்து தொற்றும் நிலைக்கு வர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். கூட்டம் படுத்திருக்கும் இடத்தில் நோயாளி ஓநாயோ வயதான ஓநாயோ மலம் கழித்துவிட்டால், அதற்குள் தின்று அகற்றிவிடுவது கூட்டத்துக்குப் பாதுகாப்பு. இது ஒரு கருதுகோள்தான். ஆனால் நான் கண்ணால் பார்த்ததோடு பொருந்துகிறது. என் நாய்கள் காய்ந்ததை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

நீங்கள் வாங்கிய பொடியைப் பற்றியும் அதே ஆய்வில் இருக்கிறது. இதற்கென்று விற்கும் 11 பொருள்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பலன் கிடைத்தது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 0 முதல் 2 பேர்தான். அதனால் உங்கள் முயற்சியில் குறை இருந்தது என்று நினைக்காதீர்கள்.

அந்த ஆசையை அவளிடமிருந்து முழுக்க எடுப்பது அரிது. அவள் வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்.

ஏற்றப்பாட்டன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் காலத்தில் நாய் தப்பு செய்தால் அந்த இடத்துக்கே இழுத்துப்போய் மூக்கை வைத்து அழுத்தி ஓர் அடி கொடுப்போம். இரண்டு தடவையில் சரியாகிவிடும். இப்போது எல்லாவற்றுக்கும் கொஞ்சிக்கொண்டே இருப்பதால்தான் அது கேட்பதில்லை. கணவர் அடித்ததைக் குற்றமாக நினைக்க வேண்டாம். கண்டிப்பு இல்லாமல் பழக்கம் மாறாது.

நடைத்தோழி

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே மறுக்கிறேன். நான் அதைச் செய்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

என் முதல் நாய் வீட்டுக்குள் மலம் கழித்தால் மூக்கை வைத்து அழுத்துவோம். அது கற்றுக்கொண்ட பாடம் வேறு. மனிதர் கண்ணில் மலம் படக்கூடாது என்று கற்றுக்கொண்டது. முதலில் சோபாவுக்குப் பின்னால் போய்க் கழித்தது. அப்புறம் கழித்த கையோடு தின்று மறைக்கத் தொடங்கியது. அதற்கு முன்னால் அந்தப் பழக்கமே அதற்கு இல்லை. நாங்கள்தான் உண்டாக்கினோம்.

துரத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. வாயில் எதை வைத்திருந்தாலும் நாங்கள் கத்திக்கொண்டு பாய்ந்து பிடுங்குவோம். ஒருநாள் ஒரு காலுறை. பிடுங்க ஓடினேன், ஒரே மடக்கில் விழுங்கிவிட்டது. இரண்டு நாள் ஓயாத வாந்தி, மலம் போகவில்லை, முன்னங்காலை நீட்டி மார்பைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றது. அது வயிற்று வலிக்கு நாய்கள் நிற்கும் நிலை என்று எனக்கு அப்போது தெரியாது. அறுவை சிகிச்சை செய்து குடலிலிருந்து எடுத்தார்கள். பிழைத்தது. நான் துரத்தாமல் இருந்திருந்தால் கடித்து விளையாடிவிட்டுக் கீழே போட்டிருக்கும்.

பறிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் நாய் விழுங்கும். ரோமி அவசரமாக விழுங்குவதும் அதனால்தான். உங்களோடு அவளுக்கு அது ஒரு பந்தயம் ஆகிவிட்டது.

வேப்பநிழல்

நடைத்தோழி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். அடி கொடுத்து இரண்டு தடவையில் நின்றது என்றால், அது நம் கண்ணெதிரே நின்றது என்றுதான் அர்த்தம்.

முற்றத்துவெயில்

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டுக் கணவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் ரோமி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கொடிமல்லி கேட்டதற்குப் பதில்: இரண்டு பேருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து கொடுக்கிறோம். வேறு மருந்து எதுவும் இல்லை. ரோமி நல்ல எடையில் இருக்கிறாள், தட்டைப் பார்த்தால் பாய்வாள்.

நேற்றும் இன்றும் கத்தாமல் சும்மா நின்று கவனித்தேன். இதுவரை கண்ணில் படாத ஒன்று தெரிந்தது. ரோமி தன் மலத்தைத் தொடுவதே இல்லை. கரியனுடையதை மட்டும்தான் தின்கிறாள். இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

வெண்கோட்டு

நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அர்த்தம் இருக்கலாம் அம்மா. சாப்பிடுகிற நாயைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். கரியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறான், மலம் எந்த நிறம், எவ்வளவு, இறுகியிருக்கிறதா, மினுமினுப்பு இருக்கிறதா? எடை எவ்வளவு? பசி எப்படி? வயிறு கடகடவென்று சத்தம் போடுகிறதா?

முற்றத்துவெயில்

நீங்கள் கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு 5, 6 தடவை. வெளிறிய மஞ்சள், சாம்பல் கலந்தது போல. நிறைய, குவியலாக. இறுகி இருக்காது, சாணம் போல. எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும். கொடுப்பதை எல்லாம் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்பான். எடை 24 கிலோ. ஒல்லி உடம்புவாகு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வயிற்றுச் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். முன்பு அவனுக்குப் பொதுவான ரத்தப் பரிசோதனை செய்தபோது ஒன்றும் இல்லை என்றார்களே?

எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

வெண்கோட்டு

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். இந்த வாரமே கரியனை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கணைய நொதிக் குறைபாடு, டாக்டர்கள் சுருக்கமாக ஈ.பி.ஐ என்பார்கள், அதற்கான சோதனை செய்ய முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கணையம் இன்சுலினை மட்டும் சுரப்பதில்லை. கொழுப்பு, புரதம், மாவுச்சத்து மூன்றையும் உடைக்கும் நொதிகளையும் குடலுக்கு அனுப்புகிறது. சில நாய்களுக்கு அந்த நொதி செய்யும் பகுதி சுருங்கிப் போய்விடும். ஜெர்மன் ஷெப்பர்டுகளிடம் இது பரம்பரையாக அதிகம். பெரும்பாலும் இளம் வயதிலேயே தெரியவரும். கணையத்துக்குச் சேமிப்புத் திறன் நிறைய. ஏறக்குறைய 90 சதவீதம் போன பிறகுதான் வெளியே அறிகுறி காட்டும். அதனால்தான் திடீரென்று வந்தது போல இருக்கும்.

பொதுவான ரத்தப் பரிசோதனையில் இது பெரும்பாலும் பிடிபடாது. டி.எல்.ஐ என்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. இரவு முழுக்கப் பட்டினி வைத்துக் காலையில் எடுப்பார்கள். அளவு லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் அனேகமாக உறுதி. கூடவே வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் பி12 பலருக்குக் குறைந்திருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் நொதி கொடுத்தாலும் எடை ஏறாது.

ரோமி ஏன் கரியனுடையதை மட்டும் தேடுகிறாள் என்றால், செரிக்காத கொழுப்பும் புரதமும் அப்படியே வெளியே வருகிறது. அவள் மூக்குக்கு அது பாதி சாப்பாடு. இந்த நோய் வந்த நாயே பசியில் தன் மலத்தைத் தின்பதும் சாதாரணம். உங்கள் வீட்டில் அவனுக்குப் பதில் இவள் தின்கிறாள்.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. குடல் அழற்சி, ஜியார்டியா கிருமி என்று வேறு காரணங்களும் உண்டு. போகும்போது புது மலத்தில் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப் போங்கள்.

தாழம்புதர்

இதைப் படிக்கும்போது என் நாய் நினைவுக்கு வருகிறது. தோல் அரிப்புக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த வாரத்தில்தான் அது குப்பைக்கூடை, மலம் என்று கண்டதையெல்லாம் தின்னத் தொடங்கியது. ஸ்டீராய்டு பசியைத் தூண்டும் என்று டாக்டர் சொன்னார். மருந்தைப் படிப்படியாகக் குறைத்ததும் அடங்கியது. திடீரென்று தொடங்கும் பழக்கம் என்றால் சமீபத்தில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஸ்டீராய்டை நாமாக ஒரேயடியாக நிறுத்தக்கூடாது.

பூனைக்கண்

என் வீட்டில் பூனை மணல் தட்டுதான் பிரச்சினை. பூனை இறங்கியதும் நாய் போய்விடும். பூனை உணவில் புரதம் அதிகம் என்பதால் அந்த வாசனைக்கு நாய்கள் மயங்கும் என்று கேள்விப்பட்டேன். மணலோடு சேர்த்து விழுங்குகிறதே, பரவாயில்லையா?

வெண்கோட்டு

மணல்தான் கவலை. ஈரம் பட்டால் கட்டியாகும் வகை மணல் நிறையப் போனால் குடலில் அடைத்துக்கொள்ளும். பூனை ஏறிப் போகும் உயரத்திலோ, பூனை மட்டும் நுழையும் இடைவெளி வைத்த அறையிலோ தட்டை மாற்றுங்கள். நாயைத் திருத்துவதைவிட அது சுலபம்.

வேப்பநிழல்

பூனை பேச்சு வந்ததால் குதிரையையும் சொல்லிவிடுகிறேன். குதிரைச் சாணம் பெரும்பாலான நாய்களுக்குப் பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் குதிரைக்கு ஐவர்மெக்டின் புழு மருந்து கொடுத்த நாட்களில் சாணத்தில் அந்த மருந்து இருக்கும். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் மாதிரி மேய்ப்பு இன நாய்கள் பலவற்றுக்கு எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் மாற்றம் உண்டு. அந்த மாற்றம் உள்ள நாயின் மூளைக்குள் மருந்து போய்த் தங்கிவிடும். தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம்வரை போகும். அப்படிப்பட்ட நாய் வைத்திருப்பவர்கள் குதிரை நிற்கும் பக்கம் வாரை அவிழ்க்காதீர்கள்.

கொடிமல்லி

புல் தின்பதும் இதில் சேர்த்தியா? எங்கள் நாய் தினமும் மேய்கிறது. வயிறு சரியில்லாததால்தான் தின்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே.

வேப்பநிழல்

அதையும் டேவிஸில் கேட்டிருக்கிறார்கள், 2008-இல் வெளியானது. புல் தின்பதற்கு முன் உடம்பு சரியில்லாமல் தெரிந்த நாய்கள் பத்தில் ஒன்றுகூட இல்லை. தின்ற பிறகு வாந்தி எடுத்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. பூச்சிமருந்து தெளித்த புல்லாக இல்லாத வரைக்கும் மேயட்டும்.

நடைத்தோழி

கரியனின் முடிவு வரும்வரை ரோமிக்குச் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். காலுறை சம்பவத்துக்குப் பிறகு நான் மெனக்கெட்டுக் கற்றுக்கொண்டது.

இன்று முதல் இரண்டு நாய்களும் ஒன்றாக வெளியே போகக்கூடாது. முடிந்தால் கரியன் முதலில், நீங்கள் பையோடு பின்னால். எடுத்து முடித்த பிறகுதான் ரோமி. ஒன்றாகத்தான் போக வேண்டும் என்றால் ரோமி வாரில் இருக்க வேண்டும். நாய்கள் பெரும்பாலும் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போகும், தூங்கி எழுந்ததும் போகும். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டால் அது எப்போது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். தட்டில் எப்போதும் சாப்பாடு கிடந்தால் தெரியாது.

ஒவ்வொரு தடவை அவள் தின்று ருசி பார்க்கும்போதும் பழக்கம் இறுகுகிறது. அதனால் சில வாரம் ஒரு தடவைகூட வாய்ப்புக் கொடுக்காமல் இருப்பதுதான் இதில் முக்கால் பங்கு வேலை. அலுப்பாக இருக்கும். ஆனால் இதைத் தவிர்த்துவிட்டுப் பயிற்சி மட்டும் கொடுத்தால் பலிக்காது.

அப்புறம் இதைச் செய்யுங்கள். கரியன் குந்தத் தொடங்கிய நொடியில், ரோமியை வாரில் பிடித்துக்கொண்டு, சந்தோஷமான குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கையில் அவளுக்கு உயிரான ஏதாவது இருக்க வேண்டும். தினமும் போடும் உலர் உணவு போதாது, வேகவைத்த இறைச்சித் துணுக்கு மாதிரி. உங்களிடம் திரும்பியதும் ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. கரியன் முடித்து நீங்கள் இடத்தைச் சுத்தம் செய்யும்வரை. நாள்பட நாள்பட கரியன் குந்துவதே அவளுக்கு 'அம்மாவிடம் ஓடு' என்ற சைகை ஆகிவிடும். எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. தன் மலம் தின்னும் நாய்க்கும் இதே வழிதான், முடித்த உடனே கூப்பிட வேண்டும்.

'விடு' என்ற சொல்லை வீட்டுக்குள் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். மூடிய கைக்குள் பிஸ்கட் துண்டு. நக்குவாள், பிராண்டுவாள். எதுவும் பேசாமல் இருங்கள். சலித்து முகத்தைத் திருப்பிய நொடியில் பாராட்டி, மற்றக் கையிலிருந்து அதைவிட நல்லதைக் கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை ஒருநாளும் கொடுக்காதீர்கள். விட்டால் அதுவே பிறகு கிடைக்கும் என்று அவள் நினைக்கக் கூடாது, விட்டால் வேறொன்று கிடைக்கும் என்று நினைக்க வேண்டும். அது பழகிய பிறகு தரையில் வைத்துக் காலால் மறைத்து, பிறகு மறைக்காமல், பிறகு வாரில் நடந்துபோகும்போது. படிகளைத் தாண்டி நேரே மலத்துக்குப் போனால் 'விடு' என்ற சொல் வீணாகிவிடும்.

ஏற்கெனவே வாயில் எடுத்துவிட்டால் ஓடாதீர்கள். எதிர்ப்பக்கமாக நகர்ந்து, கையில் உள்ளதைக் காட்டிப் பண்டமாற்று செய்யுங்கள். முடியாவிட்டால் அந்தத் தடவை போகட்டும். மலத்துக்காக அவள் உங்கள் கையைப் பார்த்துப் பயப்படப் பழகினால், நாளைக்கு அவள் வாயில் கல்லோ எலி விஷமோ இருக்கும்போது உங்களால் எடுக்க முடியாது.

முற்றத்துவெயில்

வாய்க்கூடு மாட்டினால் என்ன? ஒருவர் சொன்னார்.

நடைத்தோழி

கூடை வடிவத்தில் உள்ளதாக இருந்தால் சிறிது காலத்துக்கு உதவும். வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வேண்டாம். நாய் உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. உள்ளே ருசியானதை வைத்து அவளே மூக்கை நுழைக்கும்படி சில நாள் பழக்கிய பிறகு மாட்டுங்கள். கூடையை மலத்தில் அழுத்தி நக்கும் நாய்களும் உண்டு, அப்புறம் கழுவுவது இன்னும் பெரிய வேலை. அதனால் கண்காணிப்புக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள்.

சிறுகுடை

எனக்கும் சிறு குழந்தை இருக்கிறது, அதனால் கேட்கிறேன். மலம் தின்ற நாய் நக்கினால் குழந்தைக்குப் புழு வருமா?

வெண்கோட்டு

உருண்டைப் புழு முட்டை புது மலத்தில் இருந்தாலும் உடனே தொற்றாது. மண்ணில் கிடந்து தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். அதனால் குழந்தைக்குப் பெரிய ஆபத்து நாயின் நாக்கைவிட நாள்கணக்கில் அள்ளாமல் விட்ட மண். அள்ளிவிட்டால் அந்த வழி அடைபடும். பாக்டீரியாவும் ஜியார்டியாவும் அப்படி இல்லை, அவை புது மலத்திலேயே தொற்றும். தின்ற பிறகு சில மணி நேரமாவது முகத்தை நக்க விடாதீர்கள். தண்ணீர் குடிக்க வையுங்கள், ஈரத்துணியால் வாயைச் சுற்றித் துடையுங்கள். குழந்தை சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இரண்டு நாய்களுக்கும் தடுப்பூசியும் புழு மருந்தும் தவறக்கூடாது.

ஒரு வீட்டில் ஒரு நாய் மருந்து சாப்பிடுகிறது, இன்னொன்று அதன் மலத்தைத் தின்கிறது என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடும் நாயின் மலத்தைத் தின்று, கூட இருந்த நாய்க்குத் தைராய்டு அளவு ஏறியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

முற்றத்துவெயில்
(9 நாள் கழித்து)

முடிவு வந்துவிட்டது. டி.எல்.ஐ 1.4. பி12-உம் குறைவு. வெண்கோட்டு, நீங்கள் சொன்னதுதான்.

டாக்டர் திட்டவில்லை, ஆனால் ஒரு வருடமாவது இது இருந்திருக்கும் என்றார். ஒரு வருடம் அவன் சாப்பிட்டும் பட்டினியாக இருந்திருக்கிறான். ரோமியைத் திட்டிக்கொண்டே அவன் மலத்தைத் தினமும் பார்த்தேன், என்ன நிறம் என்று ஒருநாள்கூட நின்று பார்க்கவில்லை. இதைச் சொல்லவே தொண்டை அடைக்கிறது.

ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் நொதிப் பொடி, ஆயுள் முழுக்க. பி12 ஊசி வாரம் ஒன்றாக ஆறு வாரம்.

வெண்கோட்டு

பொடியை உலர்ந்த உணவின் மேல் அப்படியே தூவாதீர்கள். ஈறில் ஒட்டிப் புண்ணாக்கும், ரத்தம்கூட வரும். ஈரமான உணவில் நன்றாகப் பிசைந்து கொடுங்கள். பொடி போடாமல் ஒரு துண்டு பிஸ்கட்கூட வேண்டாம், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். முதல் மாற்றம் மலத்தில் தெரியும், சில நாட்களிலேயே. எடை மெதுவாக ஏறும்.

உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள் அம்மா. இன்னும் எலும்பும் தோலுமாகி வரும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். கரியனுக்கு நேரம் இருக்கிறது.

ஏற்றப்பாட்டன்

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடித்தால் சரியாகும் என்று நான் எழுதியது தப்பு. ரோமி அடிவாங்கியே பழக்கத்தை விட்டிருந்தால் கரியனின் நோய் இன்னும் மறைந்தே இருந்திருக்கும். முன்பு எங்களிடம் இருந்த ஒரு நாய் தின்று தின்று இளைத்தே செத்தது. அதற்கு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கரியன் தேறட்டும் தாயே, அவ்வப்போது எழுதுங்கள்.

முற்றத்துவெயில்
(4 மாதம் கழித்து)

அவ்வப்போது எழுதச் சொன்னீர்களே, அதனால் வந்தேன்.

கரியன் 31 கிலோ. மலம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பழுப்பு நிறம், இறுகி. பொடி போட்ட நான்காம் நாளே வித்தியாசம் தெரிந்தது. முதுகெலும்பு முன்பு கையில் முள்ளாகக் குத்தும், இப்போது சதை வைத்திருக்கிறது. ஓட ஆரம்பித்திருக்கிறான், அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை.

ரோமி முழுக்க விடவில்லை. கரியனின் மலம் மாறியதுமே அவளுக்கு வேகம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு நடைத்தோழி சொன்னதை ஒரு நாள் விடாமல் செய்தேன். முதல் இரண்டு வாரம் கை வலித்தது, அவ்வளவு இழுத்தாள். இந்த மாதம் மூன்று தடவை தின்றிருக்கிறாள். மூன்றும் நான் பையை மறந்து உள்ளே ஓடிய நேரம். அதைக் கேட்ட மாமியார், வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துப் பைகளை மாட்டி வைத்துவிட்டார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற பேச்சு இப்போது இல்லை.

காலையில் இரண்டு பேரையும் கூட்டிப்போவது இப்போது கணவர். கரியன் குந்தினால் ரோமி அவன் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறாள், அப்புறம் திரும்பி ஓடிவந்து அவர் சட்டைப்பைக்கு நேராக உட்காருகிறாள்.

அடுத்த வாரம் பி12 மறுபடி பார்க்க வேண்டும். அளவு வந்ததும் போடுகிறேன்.